கம்யூனிட்டி காலேஜில் பிரீரெக் எடுத்தால் மெடிக்கல் ஸ்கூலில் மதிப்பார்களா?

13 மார்ச் 2021, கேள்வி

ஊரில் பி.இ. முடித்தவள். ஐந்து வருடமாகக் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன், ஹெச்4 (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா). டாக்டருக்குப் படிக்கும் ஆசை பிளஸ் டூ கட்டாஃபோடு போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. பக்கத்திலேயே கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் பொதுக் கல்லூரி) இருக்கிறது, மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் முடிக்க வேண்டிய பிரீரெக் பாடங்களான பயாலஜி, கெமிஸ்ட்ரி எல்லாம் அங்கேயே எடுத்துவிடலாம் என்று பார்த்தால், கணவரின் நண்பர் ஒருவர் (இங்கே டாக்டர்) “அந்த காலேஜ் மார்க்கை ஒரு மெடிக்கல் ஸ்கூலும் திரும்பிப் பார்க்காது, வீண் வேலை” என்கிறார். உண்மையா? அப்படி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

13 மார்ச் 2021, இரவு

நான் எடுத்தேன். அந்த நண்பர் சொல்வது தவறு.

நானும் பி.இ.தான், கோயம்புத்தூர்ப் பக்கம், ஈசிஇ. 2018 இலையுதிர் செமஸ்டரிலிருந்து 2020 மே வரை கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படித்தேன். ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒரு வருடம், பயாலஜி ஒரு வருடம், ஆர்கானிக் ஒரு வருடம், ஃபிசிக்ஸ் ஒரு வருடம், எல்லாம் லேபோடு. 38 யூனிட் (பாடத்தின் அளவு, கிரெடிட் என்றும் சொல்வார்கள்). யூனிட்டுக்கு 46 டாலர், ஆக மொத்தம் 1748 டாலர். பட்டம் முடித்தவர்களுக்கென்றே தனியார் கல்லூரிகள் நடத்தும் போஸ்ட்பேக் திட்டங்களில் இதே பாடங்களுக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். இரண்டிலும் பென்சீன் வளையத்துக்கு ஆறு கார்பன்தான்.

எங்கே எடுத்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. மார்க்தான் பேசும்.

14 மார்ச் 2021

38 இல்லை, 42. ஸ்டாட்டிஸ்டிக்ஸை விட்டுவிட்டேன். கணக்குப் பாடத்தையே கணக்கில் விட்டிருக்கிறேன். 1932 டாலர். இது போக ஹெல்த் ஃபீ, பார்க்கிங், புத்தகம், லேப் கண்ணாடி.

இந்த 46 டாலர் கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர் என்று காலேஜ் ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும். ஹெச்4-ல் இருப்பவர்களும் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே இருந்ததற்கான காகிதங்களைக் காட்டி அதைப் பெறலாம், நான் அப்படித்தான் பெற்றேன். காட்டாவிட்டால் யூனிட்டுக்கு முந்நூறு டாலருக்கு மேல் எகிறும். வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், லைசன்ஸ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள்.

21 மார்ச் 2021

பாடம் தரமாக இருக்குமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

முதல் விஷயம், பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தேன் என்று நேராக ஜெனரல் கெமிஸ்ட்ரியில் உட்கார விடமாட்டார்கள். பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுத வேண்டும், இல்லையென்றால் ஒரு செமஸ்டர் அடிப்படைப் பாடம். எனக்குப் பல வருடம் கழித்து மோல் என்றால் மச்சம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் யூட்யூப் பார்த்து டெஸ்ட் எழுதினேன், தப்பித்தேன்.

வகுப்பில் இருபத்தெட்டு பேர். பெரிய பல்கலைக்கழகங்களில் இதே பாடத்துக்கு முந்நூறு பேர் ஒரு அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள், லேபை நடத்துவது பிஎச்டி மாணவர். எங்களுக்குப் பாடமும் லேபும் ஒரே ஆசிரியர். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் நெருக்கடி அவருக்குக் கிடையாது, பாடம் நடத்துவதுதான் வேலை. அதனால் நடத்தினார். என் நோட்டில் எலக்ட்ரான் நகர்வதைக் காட்டும் அம்பு தப்பான பக்கம் போனால் பேனாவைப் பிடுங்கிப் போட்டுக் காட்டுவார்.

எல்லோரும் அப்படி இல்லை. இன்னொருவர் மூன்று காலேஜில் பகுதிநேரம், காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் எங்களுக்கு. அவருடைய ஆஃபீஸ் ஹவர் பெரும்பாலும் பார்க்கிங் லாட்டில் காரின் பானட் மேல்தான் நடக்கும். குறை சொல்லவில்லை, அங்கேதான் எனக்கு ஃபிசிக்ஸில் வரும் டார்க் (திருப்புவிசை) புரிந்தது, கார் டயரை வைத்தே காட்டினார்.

கூடப் படித்தவர்கள்: ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் ஆம்புலன்ஸ் பையன், மூன்று பிள்ளைகளின் தாய், ராணுவத்திலிருந்து வந்தவர், பதினேழு வயதுப் பள்ளி மாணவி. அந்த மாணவிதான் முதல் மதிப்பெண்.

22 மார்ச் 2021

மாமியாரிடம் ‘சமுதாயக் கல்லூரியில் படிக்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் நடப்பது தையல், கம்ப்யூட்டர் சர்டிஃபிகேட் மாதிரியான படிப்புகள். என் மாமியார் ஒரு வருடம், நான் தையல் கற்றுக்கொள்கிறேன் என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்குப் பிளவுஸ் துணி வந்தது.

4 ஏப்ரல் 2021

இரண்டு வாரமாக ஒன்று உறுத்துகிறது. கேட்டவர் ஹெச்4 என்றார், பி.இ. என்றார். நான் காலேஜ் நல்லதா கெட்டதா என்று அளந்துகொண்டிருந்தேன். அவருக்குத் தடை காலேஜே இல்லை.

ஒன்று, இந்தியப் பட்டம். அமெரிக்க எம்டி (இங்கே டாக்டர் படிப்பின் முதல் பட்டமே அதுதான்) விண்ணப்பங்கள் பெரும்பாலும் போகும் பொது அமைப்பான ஆம்காஸ், வெளிநாட்டு மார்க்கை ஜிபிஏவில் (நாலுக்குக் கணக்கிடும் மார்க் சராசரி) சேர்க்காது. இங்கே ஏதாவது ஒரு கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்றுத் தன் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) போட்டிருந்தால் ஒழிய, வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்டை வாங்கவே வாங்காது. அதற்கு மேல் பல மெடிக்கல் ஸ்கூல்கள் இங்கோ கனடாவிலோ 90 கிரெடிட் கேட்கின்றன, சில இங்கேயே இளநிலைப் பட்டம் கேட்கின்றன. பிரீரெக் 42 யூனிட்டை மட்டும் முடித்துவிட்டு நின்றால் பாதிக் கிணறுகூடத் தாண்டியதாகாது. நான் இந்த உண்மையைக் கண்டுபிடித்தது இரண்டாவது செமஸ்டரில். அதனால்தான் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இளநிலைப் பட்டம், பயாலஜி. முப்பத்து நாலு வயதில் மறுபடியும் பி.எஸ்சி.

இரண்டு, விசா. கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்களை நிறைய மெடிக்கல் ஸ்கூல்கள் எடுப்பதில்லை. எடுக்கும் சிலவும் ஒரு வருடத்திலிருந்து நாலு வருடம் வரைக்கான ஃபீஸை முன்கூட்டியே எஸ்க்ரோவில் (பணத்தைப் பிடித்துவைக்கும் தனிக் கணக்கு) கட்டச் சொல்லும், அரசுக் கடன் கிடைக்காது. எனக்கு 2019-ல் கிரீன் கார்டு வந்துவிட்டது. அதனால் இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. பசி தீர்ந்தவன் கணக்காகப் பேசிவிட்டேன்.

எம்எஸ்ஏஆர் என்று ஏஏஎம்சியின் (அமெரிக்க மெடிக்கல் கல்லூரிகளின் சங்கம்) பட்டியல் இருக்கிறது, சந்தா கட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மெடிக்கல் ஸ்கூலும் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை ஏற்கிறதா, வெளிநாட்டு மாணவர்களை எடுக்கிறதா எல்லாம் அதில் இருக்கும். நண்பரின் வாய்ச்சொல்லைவிட, என் வாய்ச்சொல்லையும்விட, அது மேல்.

4 ஏப்ரல் 2021, இன்னும் கொஞ்சம்

பழைய மோசமான மார்க் விண்ணப்பத்தைக் கெடுக்குமா என்று கேட்டவருக்கு: எனக்கும் ஒரு எஃப் (ஃபெயில்) இருக்கிறது. 2014-ல் பொழுது போகாமல் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் மண்பாண்ட (செராமிக்ஸ்) வகுப்பில் சேர்ந்தேன், மூன்று யூனிட். ஐந்தாவது வாரம் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று போன் வந்தது, அன்று இரவே ஃபிளைட் ஏறினேன். ஆன்லைனில் ஒரு பட்டனை அழுத்தி வகுப்பிலிருந்து விலகியிருக்கலாம். தோன்றவில்லை. அகடமிக் ரின்யூவல் என்று ஒரு மனு போட்டேன், காலேஜ் அந்த எஃப்-ஐத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே கவலை வேண்டாம்.

19 செப்டம்பர் 2021

பல்கலைக்கழகத்தில் பயோகெமிஸ்ட்ரி ஆரம்பித்திருக்கிறது. இது மேல்நிலைப் பாடம், கம்யூனிட்டி காலேஜில் பொதுவாகக் கிடைக்காது. 2015-ல் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் மாறியதிலிருந்து பயோகெம் இல்லாமல் அந்தப் பரீட்சைக்குப் போவது வேட்டி இல்லாமல் பந்திக்குப் போவது போல.

மார்ச்சில் ‘எங்கே எடுத்தாலும் ஒன்றுதான்’ என்று நான் எழுதிய தோரணை இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பாடத்தில் குறையில்லை, எலக்ட்ரான் அம்பில் இங்கே என்னை அடிக்க ஆள் இல்லை. வேகம்தான் ஆளைக் கொல்கிறது. காலேஜில் ஒரு அத்தியாயத்துக்கு ஒரு வாரம். இங்கே ஒரு வாரத்தில் இரண்டரை அத்தியாயம், பரீட்சையில் வருவது பாடத்தில் இல்லாத மூலக்கூறு. முதல் மிட்டெர்மில் 61.

லேப் விஷயமும் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் காலேஜ் மூடியபோது நான் ஆர்கானிக் இரண்டாம் பாதியில் இருந்தேன். அதன் பிறகு லேப் எல்லாம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வீடியோவில். ஆசிரியர் செய்து காட்டுவார், எண்களைத் தருவார், நாங்கள் ரிப்போர்ட் எழுதுவோம். கிரின்யார்ட் வினையை நான் செய்ததே இல்லை, பார்த்திருக்கிறேன், டென்னிஸ் பார்ப்பது போல. அந்த வருட ஆன்லைன் லேபை நிறைய மெடிக்கல் ஸ்கூல்கள் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன, சரி. ஆனால் இங்கே ஒருநாள் திரவங்களைப் பிரிக்கும் செபரேட்டரி ஃபனலின் மூடியைத் திறக்காமலே கீழ்க்குழாயைத் திருகிவிட்டு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று குலுக்கிக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒன்றும் பேசாமல் வந்து மூடியை எடுத்துவிட்டுப் போனான்.

20 செப்டம்பர் 2021

மூடாத லேபில், 2019-ல், தேயிலையிலிருந்து காஃபீன் பிரித்தோம். வெள்ளைப் பொடி, அரைச் சிட்டிகை. மணந்து பார்க்கக் கூடாது என்றார்கள். மணந்தால் ஒன்றும் வராது என்பதுதான் சோகம். அன்று மாலை டிகாக்‌ஷன் போடும்போது இந்தக் கறுப்பில் எனக்கு வேண்டியது காஃபீன் இல்லை போலிருக்கிறதே என்று தோன்றியது.

11 ஜூன் 2022

ஏப்ரல் 2021-ல் ‘ஆகவே கவலை வேண்டாம்’ என்று எழுதியவளை யாராவது கண்டால் என்னிடம் பிடித்துக்கொடுங்கள்.

ஆம்காஸ் விண்ணப்பம் போட்டுவிட்டேன். அதில் நீங்கள் காலடி வைத்த எல்லாக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் வேண்டும். ஒரு யூனிட் யோகா வகுப்பானாலும், பள்ளியில் படிக்கும்போது எடுத்ததானாலும். பாதியில் விலகிய டபிள்யூ-வையும் பட்டியலில் எழுத வேண்டும், ஆனால் அது ஜிபிஏவில் சேராது. இரண்டு முறை எடுத்த பாடம் என்றால் இரண்டு மார்க்கும் சேரும். காலேஜ் ரின்யூவல் கொடுத்து நீக்கிய மார்க்கா? அது காலேஜின் கணக்கு. ஆம்காஸ் தன் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளும்.

என் நூறு யூனிட்டுக்கு ஜிபிஏ 3.86. மண்பாண்டத்தைச் சேர்த்தால் 3.75. மூன்று யூனிட் களிமண், பத்துப் புள்ளிக்கு மேல் இழுத்துவிட்டது. அறிவியல் பாடங்களுக்கு மட்டும் தனியாக ஒரு ஜிபிஏ போடுவார்கள், அதை அது தொடவில்லை என்பது ஆறுதல்.

அந்தப் பழைய காலேஜின் டிரான்ஸ்கிரிப்ட் வருவதற்கும் மூன்று வாரம். கல்யாணத்துக்கு முன்னால் என் பெயருக்குப் பின்னால் இருந்தது அப்பா பெயர், இப்போது கணவர் பெயர். 2014-ல் எதைக் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

12 ஜூன் 2022

‘பத்துப் புள்ளி’ என்று நான் எழுதியதைத் திருத்தியவருக்கு: ஆமாம், 0.11. எனக்குப் பத்தாகத் தெரிகிறது.

5 மார்ச் 2023

பதினெட்டு எம்டி பள்ளிகள். ஒரு இன்டர்வியூ. ஒரு வெயிட்லிஸ்ட். மற்றதெல்லாம் ‘வருந்துகிறோம்’.

செலவை எழுதிவைக்கிறேன், பின்னால் வருபவர்களுக்கு ஆகும். ஆம்காஸில் முதல் பள்ளி தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் நாற்பது டாலருக்கு மேல். கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் விலை! அப்புறம் செகண்டரி என்று பள்ளிகளே தனித்தனியாகக் கட்டுரை கேட்டு ஃபீஸ் வாங்கும், எனக்குப் பெரும்பாலும் நூறை ஒட்டி. இரண்டு வருடம் படிக்க ஆனதைவிட, சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லவைக்க அதிகம் ஆகியிருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். காலேஜ்தான் காரணமா? இரவில் படுத்தால் அந்த நண்பர் டாக்டரின் குரல்தான் கேட்கிறது, நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. நிராகரித்த பள்ளிகளில் இரண்டு, கேட்டால் காரணம் சொல்லும். கேட்டேன். ஒன்று சொன்னது: நோயாளிகளோடு இருந்த நேரம் போதாது. இன்னொன்று: எம்கேட்டில் வாசிப்புப் பகுதி. என் மொத்தம் 509, சேர்ந்தவர்களின் சராசரி 511, 512 பக்கம் இருக்கிறது. கெம்-ஃபிசிக்ஸ் 127, பயோ 129, சைக்காலஜி 129, வாசிப்பு 124. கம்யூனிட்டி காலேஜில் படித்த பாடங்களில்தான் தேறியிருக்கிறேன். அந்த 124-க்கு எந்த காலேஜும் பொறுப்பில்லை, கட்டுரையின் ஆசிரியர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டால் நான் நினைப்பதை எழுதிவிட்டு வருகிறேன்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இரண்டு பள்ளி காரணம் சொன்னது, பதினைந்து சொல்லவில்லை. அந்தப் பதினைந்தில் யாராவது டிரான்ஸ்கிரிப்டின் தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தார்களா என்பது எனக்குத் தெரியவே போவதில்லை. 2021-ல் ‘யாரும் கேட்கப்போவதில்லை’ என்று அடித்துச் சொன்னேனே, அது சரியான வாக்கியம் இல்லை. கேட்காமலேயே ஒதுக்கலாம். இன்று எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: அங்கே எடுங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். பயோகெம், ஃபிசியாலஜி, செல் பயாலஜி என்று மேல்நிலைப் பாடம் நாலாவது ஒரு பல்கலைக்கழகத்தில் எடுத்து ஏ வாங்கிக் காட்டுங்கள்.

6 மார்ச் 2023

நியூஜெர்சி அண்ணன் கேட்கிறார், ஊரில் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தரை வருடத்தில் எம்பிபிஎஸ், இங்கே எதற்கு இத்தனை சுற்று, அதுவும் இந்த வயதில். அண்ணா, ஊரில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மார்ச் மாதம். அந்த மாதம் டைஃபாய்டு. இந்தச் சுற்றில் எனக்கு இன்னொரு ஜூன் இருக்கிறது. கரீபியன் தீவுகளின் மெடிக்கல் ஸ்கூல் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், ரத்தக்கொதிப்பு எனக்கு ஏற்கெனவே உண்டு.

18 பிப்ரவரி 2024

கிடைத்துவிட்டது. டிஓ பள்ளி, ஆஸ்டியோபதி (எம்டி போலவே இங்கே டாக்டராகும் இன்னொரு பட்டம்). ஆகஸ்டில் ஆரம்பம்.

இடையில் செய்தது: பதினான்கு மாதம் ஒரு கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்ட். எம்கேட்டை மறுபடி எழுதவில்லை. இந்த முறை எம்டியோடு டிஓவுக்கும் போட்டேன். முதல் முறை ஏன் போடவில்லை என்றால் கௌரவம்தான். என் காலேஜை மட்டமாகப் பார்த்த நண்பர் டாக்டரைத் திட்டிக்கொண்டே, நான் டிஓவை அதே கண்ணால் பார்த்திருக்கிறேன். 2020-லிருந்து ரெசிடென்சிப் பயிற்சிக்கு இருவருக்கும் அங்கீகாரம் தருவது ஒரே அமைப்பு என்பதைக்கூட அப்புறம்தான் படித்தேன். டிஓ விண்ணப்பத்திலும் ஆம்காஸ் மாதிரிதான், எஃப் எஃப்தான். மறுபடி எடுத்த பாடத்தின் புது மார்க்கை மட்டும் சேர்க்கும் பழைய சலுகையை 2017-லேயே எடுத்துவிட்டார்கள்.

இன்டர்வியூ. ‘ஏன் கம்யூனிட்டி காலேஜ்’ என்ற கேள்விக்கு மூன்று வருடமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தது. 1932 டாலர் என்ற எண்ணை எந்த இடத்தில் வைப்பது என்பது வரை. யாரும் கேட்கவில்லை. எதிரில் இருந்த பேராசிரியர் காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டது: “செராமிக்ஸில் என்ன ஆயிற்று?”

அம்மாவின் ஆபரேஷன், ஃபிளைட், அழுத்தாத பட்டன் எல்லாம் சொன்னேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். “அதற்குள் ஏதாவது செய்து முடித்தீர்களா?” ஒரு கிண்ணம், சுடுவதற்குள் போய்விட்டேன், இன்னும் அந்த அலமாரியில் என் பெயரோடு இருக்கலாம் என்றேன். எந்தப் பெயர் என்று மட்டும் சொல்லவில்லை.

17 ஆகஸ்ட் 2024

இந்த இழையை ஆரம்பித்தவர் மூன்று வருடம் கழித்து எழுதியிருக்கிறார், ‘அக்கா’ என்று. ஹெச்4 அப்படியே இருக்கிறது, கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. ஆனாலும் இந்த செமஸ்டர் ஜெனரல் கெமிஸ்ட்ரிக்குப் பதிவு செய்தாராம், வெயிட்லிஸ்டில் ஒன்பதாவது இடம், விட்டுவிடலாமா என்கிறார். எஸ்க்ரோ பற்றி நான் எழுதியதைப் படித்துத்தான் மூன்று வருடம் யோசித்தேன் என்கிறார். அதைப் படித்துவிட்டு எனக்கு அரை மணி நேரம் அனாட்டமி ஓடவில்லை.

விடாதே. விசா என்றைக்குத் திறக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்பதாவது இடத்துக்கு வழி சொல்ல முடியும். முதல் நாள் வகுப்புக்கு இருபது நிமிடம் முன்னால் போய் வாசலில் நில். முதல் நாள் வராதவர்களை ஆசிரியர் அன்றே பெயர் நீக்கிவிடுவார், அதிலேயே நாலைந்து இடம் காலியாகும். லேப் பாதுகாப்பு வினாத்தாளோடு இன்னும் இரண்டு பேர் போவார்கள். ஆட் கோடு (வகுப்பில் சேர ஆசிரியர் தரும் எண்) இருக்கிறதா என்று கேள், இல்லை என்றால் புதன்கிழமையும் போய் நில். இரண்டாவது வாரம் நான் உள்ளே போனபோது என் இடம் பதினொன்று.

லேப் கண்ணாடி வாங்காதே, என்னுடையது இருக்கிறது. பட்டை மட்டும் தளர்ந்திருக்கிறது, பின்பக்கம் ஒரு முடிச்சு போட்டுக்கொள்.